பேர் சொல்லிப் பாடுகிறவர்

“இதுதான் கடைசிப் பாட்டுண்ணே. இனிமே அவர்கிட்டேருந்து பாட்டு வராது.”

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் சொன்னாள். பாடகர் கதவை அகலத் திறந்தார்.

“முதல்ல உள்ள வாம்மா. டீ போடறேன்.”

அவர் என்று அவள் சொன்னது தன் கணவனை. அவன் செத்துப்போய் இரண்டாவது வருஷம் நடக்கிறது. சாப்பிடும்போதும் நடக்கும்போதும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பான் என்பதால் சிநேகிதர்கள் வைத்த பெயர் முணுமுணுப்பு. பாட்டுக் கட்டுவதில் கெட்டிக்காரன், எதையும் எழுதி வைப்பதில் மகா சோம்பேறி.

அவன் போன பிறகும் அவன் பாட்டு வருவது நிற்கவில்லை. சமையலறையில் முணுமுணுத்தது, சட்டைக்குப் பட்டன் தைக்கும்போது முணுமுணுத்தது என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டு வந்து அவள் பாடிக் காட்டுவாள். பாடகர் அதைக் கிட்டாரில் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை மாலை சின்ன அரங்கில் பாடுவார். மீட்டர் பார்க்க வருகிற ஆளை விட்டால், பாடகரின் கதவைத் தட்டுகிற ஒரே கை அவளுடையதுதான். அதுவும் நின்றுவிட்டால் அந்த அறையில் அவரும் கிட்டாரும் மட்டும்தான்.

“இன்னும் நல்லா யோசிச்சுப் பாரேன். ஒண்ணு ரெண்டு மிச்சம் இருக்கும்.”

“வேற என்னண்ணே வேலை எனக்கு? எதிர்ல அந்தக் கட்டடம் எழும்பினதுலேருந்து வீட்டுல வெளிச்சமே இல்ல. பகல்லயே லைட்டைப் போட்டுட்டு யோசிச்சுட்டுத்தான் உக்காந்திருக்கேன். தீர்ந்துபோச்சு.”

“சரி, பாடு.”

சுவரைப் பார்த்துக்கொண்டு பாடினாள். முடிந்ததும் பாடகர் மூக்கை உறிஞ்சினார்.

“உசுரோட இருந்தப்போ கேலியும் கிண்டலுமாத்தானே கட்டினான் பாவி! உள்ளுக்குள்ள இவ்வளவு தனிமையை வச்சுக்கிட்டு, கூடவே திரிஞ்ச எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!”

அதுதான் அவருக்கு ஆறாத வருத்தம். சிநேகிதன் போனதைவிட, தன்னிடம் மறைத்துவிட்டுப் போனது வலித்தது. அவள் தான் குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

“அவர் பேரை மட்டும் விட்டுடாதீங்கண்ணே.”

“நானா விடுவேன்?”

அதற்குப் பாடகரிடம் யாரும் சத்தியம் வாங்க வேண்டியதில்லை. அடுத்தவர் பாட்டைப் பாடும்போது, கட்டினவர் பேரைச் சொல்லாமல் வாயைத் திறக்கமாட்டார். “பெத்தவங்க பேரைச் சொல்லாம பிள்ளையைத் தூக்கிட்டுப் போனா, அவன் பிள்ளை பிடிக்கிறவன்” என்பார். ஒருமுறை பேர் மாறிப்போனபோது, பாதிப் பாட்டில் நிறுத்தி, திருத்திச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து பாடினார். மற்ற பாடகர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களும் பேர் சொல்லிப் பாட ஆரம்பித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. பாட்டுக் கட்டுகிறவர்களும் பாடுகிறவர்களும் முன்வரிசைகளில். அவள் வழக்கம்போலக் கடைசி வரிசையில், கதவை ஒட்டி.

“இது என் சிநேகிதன் முணுமுணுப்பு கட்டினது. அவனோட கடைசிப் பாட்டு.”

கைதட்டல் அடங்கியதும் ஆரம்பித்தார். அறையில் பழகும்போதெல்லாம் கண் கிட்டார் தந்தியிலேயே இருக்கும். இப்போது நிமிர்ந்து, எதிரே ஆட்கள் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலிகளைப் பார்த்தபடி இரண்டாவது சரணத்தை எடுத்தார்.

‘ஜன்னல் நெறைய வானம் இருந்துச்சு
செங்கல் செங்கலா மறைச்சுட்டாங்க
உச்சி வெயிலுக்கும் விளக்கைப் போட்டு
உன் வழி பாத்து உக்காந்திருக்கேன்.’

மடக்கு நாற்காலிகள். சிநேகிதன் போன அன்றைக்கும் இதே மாதிரி நாற்காலிகளைத்தான் அவர் தன் கையால் விரித்துப் போட்டார். வந்தவர்கள் உட்கார வீட்டில் இடம் போதாமல், எதிரே இருந்த காலி மனையில். அன்றைக்கு அங்கே ஒரு செங்கல்கூடக் கிடையாது.

கிட்டார் நின்றது. துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்து முன்வரிசையிலிருந்து ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பாடகர் வாங்கவில்லை. அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை நாள் அவர் போட்ட டீயைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனது யார் என்று இப்போதுதான் தெரிந்தது.

கதவருகே அவள் எழுந்து பையை எடுத்தாள்.

“போகாதம்மா, உக்காரு!” என்றார் பாடகர் மைக்கிலேயே. எல்லாத் தலைகளும் திரும்பின. அவள் உட்கார்ந்தாள்.

“எல்லாரும் மன்னிக்கணும். பேரைத் தப்பாச் சொல்லிட்டேன். ரெண்டு வருஷமாத் தப்பாச் சொல்லிட்டிருக்கேன். மறுபடி முதல்லேருந்து பாடறேன்.”

கிட்டாரை மடியில் நேராக வைத்துக்கொண்டார்.

“இந்தப் பாட்டைக் கட்டினவங்க, அதோ, கடைசி வரிசையில உக்காந்திருக்காங்க.”