அதே எடை, அதே நிமிடம்

பதிவறைக் காப்பாளர் ஞானப்பிரகாசம் எந்தக் கோப்பையும் படிப்பதில்லை. யாராவது பார்க்கக் கேட்டால், தராசில் வைத்து எடையையும் கடிகார நிமிடத்தையும் எழுதிக்கொண்டு கொடுப்பார். திரும்பி வரும்போது எடை மாறியிருந்தாலோ அந்த நிமிடம் தாண்டியிருந்தாலோதான் பிரித்துப் படிப்பார்.

"அறுபதாயிரம் கோப்பும்மா, எல்லாத்தையும் படிக்க ஆயுசு பத்தாது," என்று அல்போன்சாவிடமும் சொல்லியிருந்தார்.

அப்பாவின் வாரிசுத் தாளிலிருந்து அல்போன்சாவின் பெயரை அவள் அண்ணன் எப்படியோ நீக்கியிருந்தான். பெயரைச் சேர்த்து அவள் புதுத்தாள் எழுதினாள். தட்டான் தராசில் நிறுத்து, பழைய எடை வரும்வரை ஓரத்தை நறுக்கினாள். ஒரு நிமிடத்துக்குள் தாளை மாற்ற ஒரு மாதம் வீட்டிலேயே பழகினாள். இன்று பதினொன்று ஏழுக்குக் கோப்பை வாங்கி, குண்டூசியை உருவி, தாளை மாற்றிச் செருகிக் கொடுத்தபோதும் கடிகாரத்தில் பதினொன்று ஏழுதான்.

ஞானப்பிரகாசம் நிறுத்துப் பார்த்தார். "எதுவும் மாறலைம்மா. போயிட்டு வாங்க."

வெளியே பெஞ்சில், கையில் டோக்கனோடு, கடிகாரத்தையே பார்த்தபடி அண்ணன் சவரிமுத்து உட்கார்ந்திருந்தான். அவன் சட்டைப்பையில் மடித்த தாள் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அதன் ஓரமும் நறுக்கியிருந்தது.

அல்போன்சா திரும்பிப்போய் இன்னொரு டோக்கன் வாங்கி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பையில் இன்னும் நான்கு தாள்கள் இருந்தன.

"போயிட்டு வாண்ணே," என்றாள். "அடுத்தது நான்தான்."