ஒற்றைச் செருப்பின் இடம்

அரிசி லாரி எப்போது வருமென்று அந்த அகதி முகாமில் எவனுக்கும் தெரியாது. அதனால் சனங்கள் ஆளுக்கொரு சாமானை வரிசையில் போட்டுவிட்டுக் கூடாரத்துக்குப் போய்விடுவார்கள்.

முதலில் கிடந்தது ஓர் ஒற்றைச் செருப்பு. அடுத்து ஒரு குண்டான்.

“இடத்தை விட்டுராதேன்னு சொல்லிட்டுப் போனா, கைக்குழந்தைக்காரி. மூணு நாளாச்சு, நான் அசையல அண்ணே” என்றது செருப்பு.

குண்டான் வாயைத் திறக்கவில்லை. தாயையும் பிள்ளையையும் ஒரே பாயில் சுருட்டித் தூக்கிப் போனதை அது காலையில்தான் பார்த்திருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது?

லாரி வந்தது. “இது யாருது?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, அரிசி அளப்பவன் செருப்பைக் காலால் எத்தினான். குண்டான் முன்னால் வந்தது.

வேலியோரம் போய் விழுந்த செருப்பு கத்தியது: “அண்ணே, அவ வந்தா நான் இங்கே இருக்கேன்னு சொல்லிருங்க!”

வாய் நிறைய அரிசியோடு குண்டான் போய்க்கொண்டிருந்தது.