துவைக்கும் கல்லின் அடிப்பக்கம்

சாக்கடை அடைத்துக்கொண்டதால், போதகர் வீட்டுக் கொல்லையில் பிளம்பர் துவைக்கும் கல்லைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டுகிறார். வெயில் அதன் அடிப்பக்கத்தில் விழுகிறது. சோப்புத் தண்ணீர் வழியும் எழுத்துகளில் ஒரு குழந்தையின் பெயரும் வயதும் தெரிகின்றன. மதிலுக்கு அந்தப் பக்கம், பழைய கல்லறைகளின் மேல் போட்ட சிமெண்டுத் தரையில், கல்யாணத்துக்கு வந்த கார்கள் ஹாரன் அடிக்கின்றன. போதகரின் மனைவி கையிலிருக்கும் துணியைப் பிழியாமலே நிற்கிறாள். “இத்தனை வருஷமா இதுமேலயா அடிச்சுத் துவைச்சேன்?” பிளம்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக விடுகிறார். “ஐயா, எழுத்து மேல வர்ற மாதிரி போடவா?” போதகர் மதிலையே பார்க்கிறார். “வேணாம்ப்பா, பழையபடியே கவுத்துடு. இது தெரிஞ்சா, மத்த கல்லெல்லாம் எங்கன்னு கேப்பாங்க.” அவள் குனிந்து, சோறு ஒட்டிய பிள்ளை வாயைத் துடைப்பதுபோல், அந்தப் பெயரைத் துடைக்கிறாள்.