குடத்து நடை

மொக்கைச்சாமி கோயில் சுவரில் நாடக நோட்டீசை ஒட்டிவிட்டுக் கையிலிருந்த கஞ்சிப் பசையைத் துடைப்பதற்குள், கருத்தக்கண்ணன் வந்து அதைக் கிழித்துவிட்டான்.

பாதிதான் கையோடு வந்தது. மீதி ஈரச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு, புது நாடகக்காரியின் தலையை மட்டும் காட்டியது.

அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. படமே போதுமானதாக இருந்தது. பங்குனித் திருவிழா நாடகத்துக்கு இந்த வருடம் பெண் வேஷம் கட்டுகிற ஸ்திரீபார்ட் கூடலூர் சுருளி இல்லை. மதுரையிலிருந்து பவுனம்மாள் என்று ஒருத்தி வருவதாக ஊரில் அடிபட்ட பேச்சு நிசம்தான்.

சுருளி ஆண்பிள்ளை. மீசையை வழித்துவிட்டு, சேலையைக் கட்டி, இடுப்பில் குடத்தோடு மேடையில் அவன் நடக்கிற நடையைப் பார்ப்பதற்கென்றே ஓடைப்பட்டியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து, நாலு எட்டுக்கு ஒரு தரம் குடத்தை எம்பி ஏற்றிக்கொண்டு, வலது கையை வீசாமல் முந்தானையைப் பிடித்தபடி வருவான். அந்த நடைக்கு முதல் சீட்டி எப்போதும் கருத்தக்கண்ணனுடையது. அதற்குப் பிறகுதான் கொட்டகையே சீட்டியடிக்கும்.

அப்படிப்பட்டவனைக் கழித்துக் கட்டிவிட்டார்கள்.

“யாரைக் கேட்டு ஆளை மாத்துன, மாப்ள?”

மொக்கைச்சாமி ஊர் நாட்டாமை. கருத்தக்கண்ணனுக்கு மச்சினனும்கூட. பசைச் சட்டியைப் பார்த்தபடியே பதில் சொன்னான்.

“இப்ப எல்லா ஊர்லயும் பொம்பளைகளத்தான் கூப்பிடுறாக, மச்சான். நெசப் பொம்பளையே வாரப்ப ஆம்பளைக்கு எதுக்குச் சேலை?”

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. பொம்பளை பொம்பளையாக நடப்பதில் என்ன வித்தை இருக்கிறது? மீன் நீந்துவதைப் பார்க்க எவனாவது பாயைச் சுருட்டிக்கொண்டு வருவானா? கோயில் வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி கேட்டான். ஏர் பூட்டப் போனவர்கள் மாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

நாட்டாமைக்கு நாடகத்தைப் பற்றி என்ன தெரியும் என்றான். சுருளி குடத்தோடு மேடைக்கு வந்தாலே வெற்றிலை போடுகிற சாக்கில் எழுந்து போகிறவன்தானே என்றான். ரசனை கெட்ட சென்மம் என்றான். மதுரைக்காரிக்குக் கொடுத்த தாம்பூலத்தைத் திருப்பி வாங்காவிட்டால் இந்த வருடம் சாமி தூக்கத் தோள் கொடுக்கமாட்டேன், இனி உன் வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்றான்.

மச்சினன் வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்பது உறவையே அறுத்துவிடுகிற பேச்சு. கூட்டத்தில் ஒருவர் உச்சுக் கொட்டினார்.

மொக்கைச்சாமி குனிந்து பசைச் சட்டியை வழித்துக்கொண்டிருந்தான். வாயில் என்ன கொழுக்கட்டையா? அந்த ஊமைத்தனம்தான் கருத்தக்கண்ணனுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

சுருளி முதல் தடவை வந்த வருடம் அவன் நடையைப் பார்த்து ஊரே சிரித்தது. மறு வருடம், நாடகம் தொடங்கும் முன் கருத்தக்கண்ணன் கொட்டகைக்குப் பின்னால் போனான். சுருளியிடமிருந்து குடத்தை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டான். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கையால், முந்தானைக்குப் பதிலாகத் தோள்துண்டைப் பிடித்துக்கொண்டு நடந்து காட்டினான். சுருளி சிரிக்கவில்லை. இன்னொரு தரம் நடக்கச் சொன்னான்.

அவன் பெண்டாட்டி முருகம்மாள் வாய்க்காலிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிற நடை அது. வாந்திபேதி வந்து அவள் போனபின், கருத்தக்கண்ணன் வேறு கல்யாணம் கட்டவில்லை. வருடத்துக்கு ஒரு தரம், அந்த மேடையில் அவள் தண்ணீர் கொண்டுவருவாள். அவன் சந்தோஷம் தாங்காமல் சீட்டியடிப்பான். நடையை யாரிடம் படித்தான் என்று சுருளி எங்கும் மூச்சு விட்டதில்லை. தங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது என்பது கருத்தக்கண்ணனின் நினைப்பு.

இப்போது அவளையும் பிடுங்கிவிட்டார்களே. பாவிகள். சுவரில் மிச்சமிருந்த தலையையும் கிழித்தெறியக் கையை ஓங்கினான்.

மொக்கைச்சாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். மற்றவர்கள் காதில் விழாதபடி, முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

“எங்க அக்கா நடை எனக்குத் தெரியாதா, மச்சான்? அது மேடையில நடந்து வருது, மொத சீட்டி நீங்க அடிக்கிறீக, பெறகு ஊரே அடிக்குது. கூடப் பொறந்தவன் நான் எங்கன போயி ஒக்காருவேன்?”