கழற்றிய தொப்பி

மருத்துவர் குர்ஷித் பேகத்தின் நெற்றியில் கட்டிய வட்டக் கண்ணாடி, திண்டுக்கல்லின் காலை வெயிலை ஜன்னலிலிருந்து அள்ளி சுருளிவேலின் வாய்க்குள் பாய்ச்சுகிறது. நாக்கின் ஓரத்தில் மூன்று மாதமாக ஆறாத புண் ஈரமாய் மின்னுகிறது. அவன் கழுத்துக் கட்டியைத் தொட்டுப் பார்த்து, "சாராயம் உண்டா?" என்று கேட்கிறார். "வாயில தொட்டதே இல்லம்மா." அருகில் நிற்கும் அவன் மனைவி அய்யம்மாள் முந்தானை நுனியைச் சுருட்டுகிறாள். மதுவிலக்கு நடக்கிற காலம். பின்னால் பெஞ்சில் ஒரு போலீஸ்காரர் தன் முறைக்காகக் காத்திருக்கிறார். "நீ போடுற புகையிலையோட சாராயமும் சேந்தா, இந்த மாதிரி எடத்துல புத்துநோய் வர்ற ஆபத்து ரொம்பக் கூடும்ப்பா. உள்ளத எழுதித்தான் மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும்." சுருளிவேல் தரையையே பார்க்கிறான். பெஞ்சு கிரீச்சிடுகிறது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி, காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானை அவிழ்க்கிறார். அங்கே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. "எனக்கும் இதேதான் டாக்டரம்மா. நித்தம் குடிக்கிறேன். மொதல்ல என்னைய எழுதிக்கோங்க." வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். ஆனாலும் அந்தக் கரகரத்த குரல் தணியவில்லை. சுருளிவேல் நிமிர்கிறான். "பதினஞ்சு வருசமாக் குடிக்கிறேம்மா." மருத்துவரின் பேனா ஓடுகிறது. போலீஸ்காரர் பொத்தானை மாட்டும்போது தொப்பி கையிலிருந்து நழுவித் தரையில் விழுகிறது. இப்படியொரு தொப்பி தெருமுனையில் தெரிந்தாலே சாராயக் கலயத்தை வைக்கோற்போருக்குள் ஒளித்து வைப்பவள் அய்யம்மாள். இப்போது குனிந்து அதை எடுத்து, முந்தானையால் தூசியைத் துடைத்து, இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டுகிறாள்.