உள்பக்கத்துப் பிடி

பிணப்பைகளுக்கு ஜிப்பு தைப்பது பூங்காவனத்தின் வேலை. ஜிப்பை இழுக்கும் பிடி வெளியே மட்டும்தான் இருக்க வேண்டும். அவள் தைத்தவற்றில் உள்ளேயும் ஒன்று தொங்கியது. போன மாதம் கூடாரம் தைத்தபோது மிஞ்சிய, இருபக்கமும் பிடி வைத்த ஜிப்பு ரன்னர்களை எடுத்துக் கோத்திருந்தாள்.

சூப்பர்வைசர் தணிகைவேல் பையை அவள் மெஷின்மேல் வீசினான். “உள்ள இருக்கிறவன் எந்திரிச்சு வந்து திறப்பானா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?”

“எங்க வீட்டுக்காரருக்கு மூடுன இடத்துல மூச்சு முட்டும் சார்” என்றாள் அவள். “பஸ்ஸுலகூட ஜன்னலோர சீட்டுதான் வேணும்பாரு. கடைசியில இதுல வச்சுத்தான் கொடுத்தாங்க.”

அவன் காதில் வாங்கவில்லை. எல்லாப் பைகளிலும் உள்பிடியை வெட்டச் சொன்னான். அவள் கட்டிங் பிளேயரை எடுத்து ஒவ்வொன்றாக வெட்டிப் போட்டாள்.

பிறகு ஒரு வாரம் அவன் வேலைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை சவரம் செய்யாத முகத்தோடு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவளிடம் வந்து நின்றான்.

“வெட்டாதது ஒண்ணாவது இருக்காக்கா?”

பூங்காவனம் மெஷினை நிறுத்தினாள்.

“இல்ல சார். புதுசாத் தைச்சுத் தரேன். எத்தனை அடி?”

தணிகைவேல் தன் இடுப்பு உயரத்தில் கையை வைத்துக் காட்டினான்.