அப்பாவின் இனிஷியல்

"இது உங்க கையெழுத்தாம்மா?"

மேனேஜர் கோதண்டராமன் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். வசூலுக்கு வந்த செக் ஒன்றின் படம். கீழே இருந்த கையெழுத்தை மட்டும் பெரிதாக்கி வைத்திருந்தார். 'ச. தமிழ்ச்செல்வி.'

"நான் போடல சார்" என்றேன். யோசிக்கவே இல்லை. நான் செக் கொடுக்கிற ஆளா? கல்பாக்கத்தில் கேன்டீன் வேலை எனக்கு. சம்பளம் விழுவதற்காகத் திறந்த கணக்கு அது. அந்தச் செக் புத்தகத்தை வாங்கியதோடு சரி, பீரோவில் போட்டுவிட்டேன்.

"அதான் நிறுத்திட்டோம். உங்க இனிஷியல் 'பா'. இதுல 'ச' போட்டிருக்கு. உங்க பேரு மட்டும் தெரிஞ்ச ஆளு யாரோ."

'பா' என்றால் என் வீட்டுக்காரர் பார்த்திபன். கல்யாணம் ஆனதும் ரேஷன் கார்டு, பேங்க் என்று எல்லா இடத்திலும் அப்பாவை எடுத்துவிட்டு அவரைப் போட்டோம். எல்லாப் பெண்களுக்கும் நடக்கிறதுதான்.

'ச' என்றால் சடையப்பன். என் அப்பா. அவர் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்கு ஆகிறது.

பெயர் மட்டும் தெரிந்த ஆளாம். புதுப்பட்டினத்துக்கு வாழ வந்த நாளிலிருந்து இந்த ஊருக்கு நான் பார்த்திபன் பெண்டாட்டி. என்னை இன்னும் சடையப்பன் மகளாகவே நினைத்துக்கொண்டிருக்க உலகத்தில் ஒருத்தன்தான் மிச்சம்.

என் தம்பி பரணிதரன்.

அவன் இனிஷியலும் 'ச'தானே. திருடும்போதுகூட அவன் கை தானாக அப்பாவைப் போட்டிருக்கிறது.

போன வாரம் வீட்டுக்கு வந்தான். மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டேன். பாதியில் அப்பளம் வாங்கக் கடைக்கு ஓடினேன். கூடப் பிறந்தவன் உட்கார்ந்திருக்கும்போது பீரோவைப் பூட்டிவிட்டா போவார்கள்? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்துவிட்டான் பாவி. அம்மா இல்லாத வீட்டில் அவனுக்குத் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினவள் நான்.

"தெரிஞ்சவங்களா இருந்தாலும் விடாதீங்கம்மா. இன்னிக்கி விட்டா நாளைக்கும் செய்வாங்க. போலீஸ்ல ஒரு கம்ப்ளெயிண்ட் குடுத்துடுங்க."

மேனேஜர் ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தார். பேனாவையும் கொடுத்தார்.

எழுதத்தான் நினைத்தேன். சத்தியமாக. ஸ்டேஷனில் நாலு அறை வாங்கினால்தான் அவனுக்குப் புத்தி வரும் என்று பேனாவைத் திறந்தும் விட்டேன்.

"யாருக்குக் குடுத்துகிறான் சார்?" என்று கேட்டேன். சீட்டுக்காரனோ வட்டிக்காரனோ, தெரிந்தால் அவனையும் சேர்த்து எழுதலாமே.

மேனேஜர் படத்தை நகர்த்தினார். செக்கின் மேல்பக்கம் வந்தது.

திருக்கழுக்குன்றத்தில் இருக்கும் ஒரு நகைக்கடையின் பெயர்.

பேனாவை மூடி வைத்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. சபையில் முதலில் வைப்பது தாய்மாமன் தட்டு. 'இவ தம்பி இன்னா போடப்போறான், பாக்கத்தானே போறோம்' என்று என் மாமியார் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவன் காதுக்கும் போயிருக்கும். அன்றைக்குச் சோறு போடும்போதே சொன்னேன், ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பாவாடையும் போதும்டா என்று. அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான்.

என்னிடமே திருடி எனக்கே சீர் கொண்டுவரப் பார்த்திருக்கிறான், மடப்பயல். நாலு பேர் முன்னால் அக்கா தலை குனியக் கூடாதாம்.

"நான்தான் சார் போட்டேன்" என்றேன். "பழைய நெனப்புல அப்பா இனிஷியல் வந்துட்ச்சி."

கோதண்டராமன் வெள்ளைத்தாளை எடுத்து உள்ளே வைத்தார். அவருக்கும் அக்கா தங்கை இருப்பார்கள் போல.

"சரிம்மா. ஆனா செக்கு திரும்பிப் போனது போனதுதான். காலைலயே கடைக்குத் தெரிஞ்சிருக்கும்."

கடைக்குத் தெரிந்தால் அவனுக்கும் தெரிந்திருக்கும்.

வெளியே வந்து ஏ.டி.எம். வாசலில் நின்று போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டேன், எடுத்தான். செக்கைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவனும் திறக்கவில்லை.

"பரணி, ஞாயித்துக்கெழம காலைலயே வந்துட்றா. வெறுங்கையோட வா. நீ வந்து நின்னா போதும் எனக்கு."



"இல்லக்கா. அன்னிக்கி திருப்பதிக்குச் சவாரி ஒத்துக்கினேன். அட்வான்ஸ்கூட வாங்கிட்டேன். வர முடியாதுக்கா."

தவணை கட்டவில்லை என்று அவன் வேனை ஃபைனான்ஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போய் ஒரு மாதம் ஆகிறது. அவன் பெண்டாட்டிதான் அழுதுகொண்டே சொன்னாள். அது எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியாது.

"சரிடா" என்றேன். "மலையில பாத்து ஓட்டு."